குடியிருந்து காணும் ஜப்பான்

பணி நிமித்தம் ஓராண்டோ மூன்றாண்டோ வெளிநாட்டில் தங்கி, வேலை முடிந்ததும் ஊர் திரும்பும் வாழ்க்கை, மென்பொருள் துறையினர் ‘ஆன்சைட்’ என்று அழைக்கத் தொடங்கிய காலம் முதல் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. இவ்வாறு செல்பவர் சுற்றுலாப் பயணியும் அல்லர், நிலையாகக் குடியேறியவரும் அல்லர். திரும்பப் போகிறவர் என்பதால் இருக்கும் ஊரில் அவருக்குப் பிடிப்பு உண்டாவதில்லை. நாள்தோறும் அலுவலகம் செல்ல வேண்டியவர் என்பதால் பயணியைப் போல ஊர் சுற்றவும் அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலையில் தங்கும் காலத்தின் பெரும்பகுதி வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே கழிந்துவிட, எஞ்சிய சில நீண்ட விடுமுறைகளில் புகழ்பெற்ற இடங்களைக் கூட்டத்தோடு கூட்டமாக ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்புவதே பலருக்கும் வாய்க்கிறது.

இவ்வாறு தங்குபவர் பயணியா, குடியிருப்பாளரா என்ற ஐயத்துக்கு ஜப்பான் தன் சட்டத்தின் வழியே தெளிவான விடை ஒன்றை வைத்திருக்கிறது. அந்நாட்டு ரயில்களில் குறிப்பிட்ட நாள்களுக்கு விருப்பம்போல் பயணம் செய்ய உதவும் ஜப்பான் ரயில் பாஸ் குறுகிய கால வருகையாளருக்கு உரியது. வேலை விசாவில் வந்த வெளிநாட்டவர் அதைப் பயன்படுத்த முடியாது. கடைகளில் நுகர்வு வரியின்றிப் பொருள் வாங்கும் சலுகையும், ஜப்பானில் உள்ள அலுவலகத்தில் பணிபுரிபவருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவருக்கும் கிடைப்பதில்லை. சலுகைகள் கைவிட்டுப் போவதாகத் தோன்றினாலும், தற்காலிகமாக வந்தவரையும் அந்நாடு குடியிருப்பாளராகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதே இதன் பொருள். மருத்துவக் காப்பீடு, மாதாந்திர ரயில் சீட்டு, வார்டு அலுவலகத்தின் உதவிகள், நான்கு பருவங்களையும் ஓரிடத்திலிருந்து பார்க்கும் அவகாசம் ஆகியன பயணிக்குக் கிட்டாத, குடியிருப்பாளருக்கே உரிய பேறுகள். ஆகவே ஊன்றிக் குடியமர்வதையும் ஊரைக் காண்பதையும் தனித்தனி வேலைகளாகப் பிரிக்காமல், முன்னதைச் செம்மையாகச் செய்து அதன் வழியே பின்னதை அடைவதுதான் ஜப்பானில் பணிக்காலத்தைக் கழிப்போருக்கு ஏற்ற முறை.

முதல் பதினான்கு நாள்கள்

மூன்று மாதத்துக்கு மேல் பணிபுரிய வருபவருக்காக ஜப்பானிலுள்ள நிறுவனம் அந்நாட்டுக் குடிவரவுத் துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துத் தகுதிச் சான்றிதழ் ஒன்றைப் பெறுகிறது. அதைக் காட்டியே விசா வாங்கப்படுகிறது. நரிதா, ஹனெடா போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கியதும் அவருக்கு ‘ஸைர்யூ கார்டு’ எனப்படும் தங்குரிமை அட்டை வழங்கப்படும். பெயர், தங்குரிமையின் வகை, தங்கக்கூடிய காலம் ஆகியவற்றைக் கொண்ட இந்த அட்டையைப் பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் வெளியில் செல்லும்போதெல்லாம் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

குடியிருக்கும் இடம் முடிவான பதினான்கு நாள்களுக்குள், அந்த முகவரியை உள்ளூர் நிர்வாகத்தில் பதிவு செய்ய வேண்டும். டோக்கியோவின் மையப் பகுதி 23 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரையும் மன்றத்தையும் கொண்டு ஒரு நகராட்சியைப் போல இயங்குவதால், அங்கே வசிப்போர் செல்ல வேண்டியது தத்தம் வார்டு அலுவலகத்துக்கு. முகவரி அட்டையின் பின்புறத்தில் எழுதப்பட்ட பிறகு, வரிக்கும் சமூகக் காப்பீட்டுக்கும் பயன்படும் ‘மை நம்பர்’ என்ற பன்னிரண்டு இலக்க எண் அந்த முகவரிக்கு அஞ்சலில் வந்து சேரும். கைப்பேசி ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, குழந்தைகளுக்கான உதவிகள் ஆகிய அனைத்தும் இந்த முகவரிப் பதிவையே பற்றி நிற்பதால், வந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை இதுவே. வங்கிகளைப் பொறுத்தவரை, நாட்டுக்குள் வந்து ஆறு மாதம் ஆகாதவருக்குக் கணக்குத் தொடங்கப் பல வங்கிகள் தயங்குவதுண்டு. பணிபுரியும் நிறுவனத்தின் சான்று இருந்தால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் நீங்கும்.

குடும்பத்தோடு வருவோரின் துணைவர் சார்ந்திருப்போர் என்ற வகையில் தங்குகிறார். தனியாக அனுமதி பெற்றால் அவரும் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். இடையில் ஊருக்கு வந்து திரும்ப விரும்புவோர், புறப்படும்போது விமான நிலையத்தில் நிரப்பும் படிவத்தில் ஓராண்டுக்குள் திரும்பும் எண்ணத்தைக் குறிக்கும் கட்டத்தில் அடையாளமிட வேண்டும். அதைச் செய்யாமல் சென்றால் தங்குரிமையே முடிந்துபோகும்.

வீடும் அதன் கணக்கும்

ஜப்பானிய வீட்டு விளம்பரங்களில் காணப்படும் எழுத்துகள் புதியவருக்குப் புரிவதில்லை. ஓர் அறையும் ஒட்டினாற்போல் சிறு சமையலிடமும் கொண்டது ஒன்று-கே எனவும், ஓர் அறையோடு கூடமும் உணவிடமும் சமையலறையும் சேர்ந்தது ஒன்று-எல்டிகே எனவும் குறிக்கப்படும். அறையின் பரப்பு பெரும்பாலும் ததாமி எனும் கோரைப்பாய் விரிப்புகளின் எண்ணிக்கையில் சொல்லப்படுகிறது. ஒரு ததாமி ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். தனியார் வீடுகளில் ‘ஷிகிகின்’ எனப்படும் முன்பணத்தோடு, திருப்பித் தரப்படாத ‘ரெய்கின்’ என்னும் மரியாதைப் பணமும், தரகுத் தொகையும், பிணை நிற்கும் நிறுவனத்துக்கான கட்டணமும் சேர்ந்துவிடுவதால், குடிபுகும் நாளில் பல மாத வாடகைக்கு ஈடான தொகை கையில் இருக்க வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது, டோக்கியோவில் பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை, புதுப்பித்தல் கட்டணமும் கேட்கப்படும்.

இந்தச் சுமையைத் தவிர்க்கும் வழிகளுள் யூஆர் எனப்படும் அரசுசார் வீட்டு அமைப்பின் அடுக்ககங்கள் குறிப்பிடத்தக்கவை. அவற்றில் மரியாதைப் பணமும் தரகும் புதுப்பித்தல் கட்டணமும் இல்லை, பிணையாளரும் தேவையில்லை, போதிய வருமானம் இருப்பதைக் காட்டினால் போதும். டோக்கியோவின் கிழக்கெல்லையிலுள்ள எடோகாவா வார்டின் நிஷி-கசாய் பகுதி இந்தியர் நிறைந்த இடமாக வளர்ந்ததற்கு இத்தகைய அடுக்ககங்களும் ஒரு காரணம். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைத் தீர்க்க இந்தியப் பொறியாளர்கள் ஜப்பானுக்கு அழைக்கப்பட்ட காலத்தில், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நிறைந்த நிஹோன்பாஷி, ஒதெமாச்சி பகுதிகளுக்குத் தோசாய் சுரங்க ரயிலில் மாறாமல் செல்ல முடிந்ததால் அவர்கள் அங்கே குடியேறத் தொடங்கினர். பின்னர் மளிகைக் கடைகளும் உணவகங்களும் வந்தன. 2004இலும் 2006இலும் டோக்கியோவில் இந்தியக் குழந்தைகளுக்கான பள்ளிகள் தொடங்கப்பட்டன. சில ஆண்டுகளே தங்கிச் சென்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக உருவாக்கிய இந்தப் பகுதி, தற்காலிக வாசமும் ஓர் ஊரின் முகத்தை மாற்ற வல்லது என்பதற்குச் சான்று.

வீடு தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் வயதையும் கேட்டறிவது நல்லது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட விதிகள் 1981 ஜூன் மாதத்தில் கடுமையாக்கப்பட்டன. அதற்குப் பின் அனுமதி பெற்ற கட்டடங்கள் கூடுதல் உறுதி வாய்ந்தவை. வாடகை வீடுகள் பலவற்றில் விளக்குகளும் அடுப்பும்கூட இருப்பதில்லை என்பதும், எரிவாயு இணைப்பைத் திறக்க ஊழியர் வரும்போது குடியிருப்பவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பதும் முன்பே தெரிந்திருந்தால் முதல் இரவின் திண்டாட்டம் குறையும். மின்சாரமும் வேறுபட்டது. ஜப்பானில் 100 வோல்ட் மின்சாரமே வீடுகளுக்கு வருகிறது. கிழக்குப் பகுதியில் அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ். 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட நம் மிக்ஸியும் கிரைண்டரும் மின்னழுத்தத்தை உயர்த்தும் கருவியின்றி அங்கே ஓடா. காந்தத் தூண்டலில் சூடாகும் அடுப்புள்ள வீட்டில் அலுமினியக் குக்கரும் பயன்படாது.

அண்டை வீட்டாரின் நம்பிக்கை

ஜப்பானில் ஒரு குடியிருப்பாளரின் தகுதி முதலில் அளக்கப்படுவது குப்பை போடும் இடத்தில். எரியக்கூடியவை, எரியாதவை, பிளாஸ்டிக், கண்ணாடிப் புட்டிகள், உலோகக் குவளைகள், பழைய தாள்கள் எனப் பிரித்து, அவற்றுக்குரிய கிழமையில், காலையில் குறித்த நேரத்துக்குள் வைக்க வேண்டும். பிரிக்கும் முறை வார்டுக்கு வார்டு மாறுவதால், முகவரி பதியும்போதே அந்த வார்டின் குப்பை நாள்காட்டியைக் கேட்டுப் பெற வேண்டும்; பல வார்டுகளில் அது ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. முறை தவறிய பை எடுக்கப்படாமல் அங்கேயே கிடக்க, அது யாருடையது என்பது பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்துவிடும். சுவர்கள் மெல்லியவை என்பதால் இரவு நேரத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டாமலிருப்பதும், ரயிலில் கைப்பேசியில் பேசாமலிருப்பதும், வீட்டு வாயிலிலேயே காலணியைக் கழற்றுவதும் எழுதப்படாத சட்டங்கள். குடிபுகுந்த ஓரிரு நாள்களில் மேல்வீட்டாரையும் பக்கத்து வீட்டாரையும் சிறு அன்பளிப்போடு சென்று பார்த்து வணக்கம் சொல்லும் வழக்கம் பெருநகரங்களில் குறைந்துவரினும், வெளிநாட்டவர் ஒருவர் அதைச் செய்யும்போது அது பெரிதும் மதிக்கப்படுகிறது.

நிலநடுக்கம் அந்நாட்டு அன்றாடத்தின் பகுதி. ஓரிடத்தில் உணரப்படும் அதிர்வை ‘ஷிந்தோ’ என்ற அளவுகோலால் குறிக்கின்றனர். அது சுழியத்திலிருந்து ஏழு வரை செல்கிறது. ஐந்தும் ஆறும் தாழ்நிலை, உயர்நிலை என இரண்டிரண்டாகப் பிரிக்கப்படுவதால் மொத்தம் பத்துப் படிகள். ரிக்டர் போன்ற அளவுகள் நடுக்கத்தின் மூலத்தில் வெளிப்பட்ட ஆற்றலைச் சொல்ல, ஷிந்தோ நாம் நிற்கும் தரை எவ்வளவு குலுங்கியது என்பதைச் சொல்கிறது. வெள்ள அபாயத்தையும் மறக்கலாகாது. எடோகாவா வார்டின் பெரும்பகுதி கடலின் உயர் ஓத மட்டத்தைவிடத் தாழ்ந்தது. பெருவெள்ள எச்சரிக்கை வந்தால் வார்டுக்குள் எங்கும் தங்காமல் வெளியேறிவிட வேண்டும் என்று 2019இல் அந்த வார்டு வெளியிட்ட அபாய வரைபடம் மக்களுக்கு வெளிப்படையாகவே அறிவுறுத்தியது. தம் வீட்டுக்கு அருகிலுள்ள புகலிடம் எது என்பதை அறிந்து, ஒருமுறை அதுவரை நடந்து பார்ப்பது ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டியது. காவலுக்கு 110, தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 119 என்ற எண்களைக் குழந்தைகளும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

உணவும் மருந்தும்

சைவ உணவினர்க்கு ஜப்பானில் எதிர்ப்படும் பெரும் தடை ‘தாஷி’. உலர்ந்த சூரை மீனின் சீவல்களையும் கொம்பு எனும் கடற்பாசியையும் கொதிநீரில் ஊறவைத்து எடுக்கும் இந்தச் சாறு, மிசோ சூப், நூடுல்ஸ் வகைகள், வேகவைத்த காய்கறிகள் எனக் கண்ணுக்கு மீனோ இறைச்சியோ தென்படாத உணவுகளிலும் கலந்திருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் மட்டும் போதாது. மீன் சாறும் வேண்டாம் என்பதைத் தனியே சொல்ல வேண்டும். இதற்கு விடையும் அந்நாட்டு மரபிலேயே இருக்கிறது. பௌத்த மடங்களில் வளர்ந்த ‘ஷோஜின் ர்யோரி’ எனும் துறவியர் உணவில், தாஷி கடற்பாசியாலும் உலர்ந்த ஷீதாகே காளானாலும் மட்டுமே செய்யப்படுகிறது.

ஊரிலிருந்து கொண்டு செல்லும் பொருள்களிலும் கவனம் தேவை. பழம், பச்சைக் காய்கறி, இலை போன்றவற்றுக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்று வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகளைத் தம் தேவைக்காக ஒரு மாத அளவு வரை சிறப்பு அனுமதியின்றிக் கொண்டு செல்லலாம். அதற்கு மேற்பட்டால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவச் செலவைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் வழியே சமூகக் காப்பீட்டில் சேர்ந்தவர் பொதுவாகச் செலவில் 30 சதவீதத்தை மட்டும் செலுத்துகிறார். சிறு நோய்களுக்குப் பெரிய மருத்துவமனையை நாடாமல், வீட்டருகிலுள்ள சிறு மருத்துவமனைக்கு முதலில் செல்வதே அங்குள்ள நடைமுறை.

சம்பளத்திலிருந்து கழியும் தொகைகள்

இரண்டாம் ஆண்டில் பலரைத் திகைக்க வைப்பது ‘ஜூமின்ஸெய்’ என்ற குடியிருப்போர் வரி. ஜனவரி முதல் நாளன்று எந்த ஊரில் முகவரி இருக்கிறதோ அந்த ஊர் நிர்வாகம், முந்தைய ஆண்டு வருமானத்தின் மீது ஏறத்தாழ 10 சதவீத அளவில் விதிக்கும் இந்த வரி, ஜூன் முதல் அடுத்த மே வரை மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. வந்த முதல் ஆண்டில் முந்தைய வருமானம் ஜப்பானில் இல்லாததால் இது பிடிக்கப்படாது; முதலாண்டுச் சம்பளத்தை அளவாகக் கொண்டு செலவைத் திட்டமிட்டவர் அடுத்த ஜூனில் தடுமாறுவது இதனால்தான். நாடு திரும்பும் ஆண்டிலும் செலுத்தப்படாத மீதி தொடரும் என்பதால், அதைச் செலுத்த ஒருவரை வரிப் பொறுப்பாளராக நியமித்துவிட்டே புறப்பட வேண்டும்.

ஓய்வூதியப் பங்களிப்பு, ஊழியர் எந்த நாட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்தது. இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, இந்திய நிறுவனத்தால் ஐந்தாண்டுக்கு மேற்படாத காலத்துக்கு அனுப்பப்படுபவர், இந்தியாவின் வருங்கால வைப்பு நிதி அமைப்பிடம் சான்று பெற்று வந்தால் ஜப்பானிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர வேண்டியதில்லை. ஜப்பானிய நிறுவனத்தால் நேரடியாகப் பணியமர்த்தப்பட்டவரோ, சம்பளத்தில் 18.3 சதவீதமாக வரையறுக்கப்பட்ட பங்களிப்பில் பாதியைச் செலுத்துவார். மறுபாதி நிறுவனத்தின் பொறுப்பு. ஆறு மாதமும் அதற்கு மேலும் பங்களித்தவர், நாட்டை விட்டு நீங்கிய இரண்டாண்டுக்குள் விண்ணப்பித்தால் ஒரு பகுதியை மொத்தத் தொகையாகத் திரும்பப் பெற முடியும். அவ்வாறு பெற்றுவிட்டால் அந்தக் காலம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து நீங்கிவிடும் என்பதால், மீண்டும் ஜப்பானுக்கு வர வாய்ப்புள்ளவர் எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

மாதச் சீட்டு காட்டும் நகரம்

அடிப்படைகள் அமைந்த பின் ஊரைக் காணும் கட்டம் தொடங்குகிறது. இங்கே குடியிருப்பாளரின் முதல் கருவி ‘தெய்கி’ எனப்படும் மாதாந்திர ரயில் சீட்டு. வீட்டுக்கும் அலுவலகத்துக்குமான இந்தச் சீட்டின் செலவைப் பெரும்பாலான நிறுவனங்களே ஏற்கின்றன. அதில் குறிக்கப்பட்ட வழியிலுள்ள எந்த நிலையத்திலும், விடுமுறை நாளிலும்கூட, கூடுதல் கட்டணமின்றி எத்தனை முறையும் இறங்கி ஏறலாம். வாரத்துக்கு ஒரு நிலையம் என்று இறங்கி, அதன் கடைத்தெருவையும் சிறு கோயிலையும் பூங்காவையும் நடந்து பார்த்தால், ஆண்டு முடிவதற்குள் வழிகாட்டி நூல்களில் இடம்பெறாத ஒரு டோக்கியோ தெரியவரும். சுமார் நூறு அருங்காட்சியகங்களுக்கும் தோட்டங்களுக்கும் இரண்டு மாத காலம் செல்லத்தக்க ‘குருத்தோ பாஸ்’ என்ற சீட்டும் பயணியைவிடக் குடியிருப்பவருக்கே பொருந்தும்.

தொலைவான ஊர்களுக்கும் வழிகள் உண்டு. வேலை விசாவில் உள்ள வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கும் சில வட்டாரப் பாஸ்கள் இருக்கின்றன. டோக்கியோவைச் சுற்றிய பகுதிகளை மூன்று நாள் சுற்ற உதவும் டோக்கியோ வைடு பாஸ் அவற்றுள் ஒன்று. பள்ளி விடுமுறைக் காலங்களில் விற்கப்படும் ‘செய்ஷுன் 18’ சீட்டு, பெயரில் பதினெட்டு இருந்தாலும் வயது வரம்பற்றது. வேக ரயில்களைத் தவிர்த்து, நின்று நின்று செல்லும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயில்களில் தொடர்ந்து மூன்று அல்லது ஐந்து நாள் நாடு முழுவதும் செல்ல அது இடமளிக்கிறது. ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் வரும் ‘கோல்டன் வீக்’, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை வழிபடும் ‘ஓபோன்’, ஆண்டிறுதி ஆகிய மூன்று காலங்களில் நாடே பயணம் செய்வதால் விடுதிக் கட்டணம் ஏறி, ரயில்கள் நிரம்பி வழியும். அந்நாள்களில் வீட்டருகே இருந்துவிட்டு, சாதாரண வார நாளில் ஒரு நாள் விடுப்பெடுத்துச் செல்வதே அறிவுடைமை.

பருவத்தோடு செல்லும் பயணம்

பயணி தாம் வந்த பருவத்தைத்தான் காண்கிறார். குடியிருப்பவராலோ ஒரே இடத்தைப் பல பருவங்களில் காண முடிகிறது. மார்ச் இறுதியில் டோக்கியோவின் செர்ரி மரங்கள் பூக்கத் தொடங்குகின்றன. யாசுகுனி கோயில் வளாகத்தில் வானிலைத் துறை குறித்துவைத்த மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்ததும் நகரில் பூக்காலம் தொடங்கியதாக அறிவிக்கப்படும். முழு மலர்ச்சிக்கு அதன் பின் ஒரு வாரம் போல் ஆகும். யுஎனோ பூங்காவிலும் அரண்மனை அகழியை ஒட்டிய சிதோரிகாஃபுச்சியிலும் கூட்டம் சேரும் என்றாலும், வேலை முடிந்து வரும் மாலையில் தம் தெருவின் ஆற்றங்கரையிலேயே அம்மலர்களைப் பார்க்கும் வாய்ப்பு குடியிருப்பவருக்கு உண்டு. ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுவரை நீடிக்கும் மழைக்காலத்தைப் பயணிகள் தவிர்க்கிறார்கள். ஆனால் காமகுராவின் மெய்கெத்சு-இன், ஹாசெதெரா கோயில்களில் நீலமும் ஊதாவுமான ஹைட்ராஞ்சியா மலர்கள் நிறைவது அந்த மழையில்தான். ஜூலை இறுதிச் சனிக்கிழமையில் சுமிதா ஆற்றின் வாணவேடிக்கை நடைபெறும்.

3,776 மீட்டர் உயரமுள்ள ஃபுஜி மலையில் ஏறுவதற்குரிய காலம் ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரை மட்டுமே. நெரிசலைக் கட்டுப்படுத்த 2025 முதல் நான்கு ஏறுபாதைகளிலும் 4,000 யென் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. ஏற இயலாதவர், காற்றில் ஈரம் குறைந்த குளிர்காலக் காலைகளில் டோக்கியோவின் உயர்ந்த கட்டடங்களிலிருந்தே அதன் பனிமுடியைக் காணலாம். அக்டோபர் பிற்பகுதியில் நிக்கோவின் மலைகளில் இலைகள் சிவக்கத் தொடங்குகின்றன. தொகுகாவா ஆட்சியை நிறுவிய இயெயாசுவின் நினைவாக 1617இல் தொடங்கப்பட்டு, அவர் பேரன் காலத்தில் 1636இல் இன்றைய பொலிவைப் பெற்ற தோஷோகூ கோயில் அங்கேதான் உள்ளது. அருகிலுள்ள கெகோன் அருவி 97 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. நவம்பர் இறுதியில் அந்நிறம் டோக்கியோவுக்குள் இறங்கிவந்து, கிங்கோ மரச் சாலைகள் பொன்னிறமாகின்றன. நகரின் மேற்கே ஷின்ஜுகுவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் செல்லக்கூடிய 599 மீட்டர் உயர தாகாவோ மலை, குழந்தைகளோடும் ஏறத்தக்கது.

தெரிந்த தெய்வங்கள், அறியாத உறவுகள்

ஜப்பானியக் கோயில்களுக்குச் செல்லும் தமிழர், அங்குள்ள தெய்வங்கள் பலவும் இந்தியாவிலிருந்து சீனத்தின் வழியே பௌத்தத்தோடு சென்றவை என்பதை அறிந்திருந்தால் காட்சி ஆழமாகும். யுஎனோவின் தாமரைக் குளத்து நடுவே கோயில் கொண்டிருக்கும் பென்ஸைதென் நம் சரஸ்வதி. ஷிபாமாதாவின் தாய்ஷாகுதென் தேவர்கோன் இந்திரன். அசாகுசாவுக்கு அருகிலுள்ள மாத்சுச்சியாமா கோயிலில் வழிபடப்படும் காங்கிதென் நம் விநாயகரின் ஜப்பானிய வடிவம். அவருடைய திருவுருவம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதில்லை. பக்தர்கள் அவருக்கு வெள்ளை முள்ளங்கியைப் படைக்கிறார்கள். நாரா நகரின் தோதாய்-ஜி கோயிலில் உள்ள பெரும் புத்தர் சிலைக்கு 752ஆம் ஆண்டில் கண் திறக்கும் சடங்கை நிகழ்த்தியவர் இந்தியத் துறவி போதிசேனர். அவர் தூரிகையால் விழிகளை எழுதியபோது, அந்தத் தூரிகையில் கட்டிய நீண்ட கயிற்றைக் கூடியிருந்தோர் பற்றிக்கொண்டு அச்செயலில் பங்குகொண்டனர். அத்தூரிகை இன்றும் நாராவின் ஷோசோ-இன் கருவூலத்தில் பாதுகாக்கப்படுகிறது.

டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள காமகுராவில், 1252இல் வார்க்கத் தொடங்கிய வெண்கலப் புத்தர் 11.3 மீட்டர் உயரத்தில், தம்மை மூடியிருந்த மண்டபத்தை இயற்கைச் சீற்றங்கள் அழித்த பின் திறந்த வெளியில் அமர்ந்திருக்கிறார். அந்த வளாகத்தில் இலங்கையின் ஜே. ஆர். ஜயவர்தனவுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. 1951இல் சான் பிரான்சிஸ்கோ அமைதி மாநாட்டில், பகையைப் பகையால் வெல்ல இயலாது என்ற புத்தரின் போதனையை நினைவூட்டி, ஜப்பானிடம் போர் இழப்பீடு கோரும் உரிமையை இலங்கை விட்டுக்கொடுப்பதாக அவர் அறிவித்ததற்கு ஜப்பானியர் செலுத்திய நன்றி அது. டோக்கியோவின் சுகினாமி வார்டிலுள்ள ரென்கோ-ஜி என்ற சிறு கோயிலில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் அஸ்தி எனக் கருதப்படுவது 1945 முதல் போற்றிக் காக்கப்படுகிறது; நேரு 1957இல் அங்கே சென்றிருக்கிறார். வங்கப் புரட்சியாளர் ராஷ் பிகாரி போஸ் ஷின்ஜுகுவின் நாகாமுராயா கடையாருக்குக் கற்றுக்கொடுத்த இந்தியக் கறி, 1927 முதல் அங்கே பரிமாறப்பட்டு வருகிறது.

இவற்றுள் தற்காலிகமாக வாழ வந்தவரின் மனத்தை மிகுதியும் தொடக்கூடியது யோகோஹாமா துறைமுகத்தின் யாமாஷிதா பூங்காவில் உள்ள இந்திய நீர்க்கோபுரம். 1923 செப்டம்பர் 1 அன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் யோகோஹாமா தரைமட்டமானபோது, அங்கே வணிகம் செய்துவந்த இந்தியர்களும் அதில் சிக்கினர். தாமே அனைத்தையும் இழந்து நின்ற நகரத்தார் அவர்களுக்குச் செய்த உதவியை மறவாமல், இந்திய வணிகர்கள் 1930களின் பிற்பகுதியில் குடிநீர்க் குழாயோடு கூடிய அந்த மண்டபத்தை எழுப்பி நகருக்கு அளித்தனர். அந்தப் பூங்காவே நிலநடுக்கத்தின் இடிபாடுகளைக் கடலில் கொட்டி மேடாக்கி அமைக்கப்பட்டது. பிழைக்க வந்தவர்களுக்கும் வரவேற்ற ஊருக்கும் இடையே எத்தகைய உறவு சாத்தியம் என்பதை அந்தச் சிறு கோபுரம் எடுத்துரைக்கிறது.

முறையாக விடைபெறுதல்

வந்தபோது செய்தவற்றை எல்லாம் போகும்போது தலைகீழாக அவிழ்க்க வேண்டும். வீட்டு உரிமையாளருக்கு ஒப்பந்தப்படி ஒன்றிரண்டு மாதம் முன்பே அறிவிப்பதும், வார்டு அலுவலகத்தில் வெளியேறுவதாகப் பதிவதும், மேசை, கட்டில் போன்ற பெரிய பொருள்களை முன்பதிவு செய்து கட்டண வில்லை ஒட்டிக் குப்பைக்கு வைப்பதும், மறுசுழற்சிச் சட்டப்படி குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்குக் கட்டணம் செலுத்துவதும் அவற்றுள் அடங்கும். குப்பை வண்டிக்கான முன்பதிவுக்குச் சில வாரங்கள் காத்திருக்க நேரலாம் என்பதால், புறப்படும் மாதத்தின் தொடக்கத்திலேயே இதைத் தொடங்க வேண்டும். தங்குரிமை அட்டை விமான நிலையத்தில் ஒப்படைக்கப்படும்.

இந்த இறுதிக் கடமைகளைச் சரிவரச் செய்பவர் தமக்கு மட்டும் நன்மை தேடிக்கொள்வதில்லை. வீட்டைச் சுத்தமாக ஒப்படைத்த ஓர் இந்தியக் குடும்பத்தைக் கண்ட உரிமையாளர், அடுத்து வரும் இந்தியருக்குத் தயக்கமின்றிக் கதவு திறக்கிறார். வரி பாக்கியின்றிச் சென்ற ஊழியரால் அந்நிறுவனம் அடுத்தவரை நம்பிக்கையோடு அழைக்கிறது. நிஷி-கசாய் உருவானதும் யோகோஹாமாவின் கோபுரம் எழுந்ததும் இப்படி ஒருவர்பின் ஒருவர் சேர்த்துவைத்த நம்பிக்கையால்தான். இரண்டாண்டே இருக்கப்போகிறோம் என்ற எண்ணம் ஊரோடு ஒட்டாமல் வாழ்வதற்குக் காரணமாகிவிடக் கூடாது. குறுகிய காலமே கையில் இருப்பதால்தான், முதல் வாரத்திலிருந்தே குடியிருப்பாளராக நடந்துகொண்டு, ஊரைப் பருவம்தோறும் பார்த்து, பெற்ற உதவிகளுக்கு ஈடான நற்பெயரை விட்டுச்செல்வது மேலும் அவசியமாகிறது.